கருவெல்வெட் காம்பு: ஊசியிலைக் காட்டில் ஐந்து நாள்

முதல் நாள்

ஏற்றம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியும் ஒரு காளான்கூடக் கண்ணில் படவில்லை. மழை ஓய்ந்து பத்து நாள் ஆகிறது. காலடியில் பைன் ஊசிகள் நொறுங்குகின்றன. பாசி வெளிறிச் சுருண்டு கிடக்கிறது. பாதை இடப்பக்கம் திரும்பும் இடத்தில் பழைய அடிக்கட்டை ஒன்று. அதன் விலாவிலிருந்து மூன்று தடித்த குடைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிதுங்கி நின்றன. சுற்றிலும் எல்லாம் காய்ந்திருக்க, இவை மட்டும் வாடவில்லை.

பெரியதன் குடை 14 செ.மீ. அகலம். மேல்புறம் காப்பிக்கொட்டைப் பழுப்பு. நடுப்பகுதி சற்றுக் குழிந்திருக்கிறது, விளிம்பு உள்பக்கமாக நன்றாகச் சுருண்டிருக்கிறது. விரலால் தடவினால் மான்தோல் போல மெத்தென்று இருக்கிறது, பிசுபிசுப்பே இல்லை. கீழே செவுள்கள், அதாவது குடையின் அடியில் இருக்கும் மெல்லிய தகடுகள், வெண்ணெய் நிறத்தில் நெருக்கமாக ஓடிக் காம்பின்மேல் சிறிது இறங்குகின்றன. காம்புக்கு அருகே பல செவுள்கள் இரண்டாகக் கிளைக்கின்றன. காம்பு குடையின் நடுவில் இல்லை, ஒரு ஓரமாக ஒதுங்கியிருக்கிறது.

இந்தக் காளானைப் பார்த்ததும் நினைவில் நிற்பது காம்புதான். கட்டை விரலைவிடப் பருமனான அந்தக் காம்பு முழுவதும் கருப்பழுப்பு மயிர் அடர்ந்து, கம்பளிப்பூச்சியின் முதுகு போல இருக்கிறது. செவுள்களுக்குச் சற்றுக் கீழே மயிர் நின்றுவிடுகிறது, அங்கே காம்பின் நிறமும் வெளிறுகிறது. கைலென்ஸை 10 மடங்கில் வைத்துப் பார்த்தால் மயிர்கள் படுத்துக் கிடக்கவில்லை, சிறு கொத்துகளாக நிமிர்ந்து நிற்கின்றன. கொத்துகளின் இடைவெளியில் மட்டும் துருநிறம் தெரிகிறது.

இதைக் கண்டதுமே ஒரு பெயர் நாக்கு நுனிக்கு வரும். ஆனால் முதல் நாளே பெயர் எழுதுவது தவறு. பெயரை எழுதிவிட்டால் அடுத்து வரும் அடையாளங்களைக் கண் அந்தப் பெயருக்கு ஏற்பவே பார்க்கத் தொடங்கும். அதனால் குறிப்பேட்டில் எண் மட்டும் போட்டோம்: 1.

பறிப்பதற்கு முன் படம் எடுப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் இருந்த இடத்தில் இருந்தபடி, அடிக்கட்டையும் தெரியுமாறு ஒன்று. பிறகு பக்கவாட்டில் ஒன்று. பறித்த பின் செவுள்கள், காம்பின் அடி, நெடுக்காக வெட்டிய முகம். எல்லாவற்றிலும் பக்கத்தில் ஒரு அளவுகோல். வெயில் புள்ளி விழும் இடத்தில் எடுத்தால் பழுப்பு நிறம் ஆரஞ்சாக மாறிவிடும், அதனால் நிழல் முழுதாக விழும் இடமே நல்லது. மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தை வைத்து இந்தக் காளானின் பெயரைச் சொல்லவே முடியாது. மேலிருந்து பார்த்தால் பழுப்புக் குடை உள்ள எத்தனையோ காளான்களில் இதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

பறிக்கும்போது காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் காம்பு நடுவில் முறியும், நமக்கு வேண்டிய அடி மரத்திலேயே தங்கிவிடும். கத்தி முனையை மரத்துக்குள் 2 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி, காம்பைச் சுற்றி நெம்பி, கொஞ்சம் கட்டையோடு சேர்த்தே எடுக்க வேண்டும். அந்தக் கட்டைத் துண்டும் காளானின் ஒரு பகுதி என்றே வைத்துக்கொள்ளலாம். எடுத்ததைக் காகிதப் பையில் வைத்தோம். பிளாஸ்டிக் பையில் வைத்தால் சில மணி நேரத்தில் வியர்த்து, நிறம் கறுத்து, மயிரெல்லாம் ஒட்டிப்போகும்.

இரவு வித்துப் பதிவுக்கு, அதாவது செவுள்களிலிருந்து உதிரும் வித்துகளைக் காகிதத்தில் விழவைத்து அவற்றின் நிறம் பார்ப்பதற்கு, வைத்தாயிற்று. இந்த இனத்தில் இது முதல் முறையே சரியாக வராமல் போவதற்குக் காரணம் சுருண்ட விளிம்பு. குடையை முழுதாகக் கவிழ்த்தால் விளிம்பு காகிதத்தைத் தொடும், செவுள்கள் மேலே தூக்கி நிற்கும். விழும் வித்துகளில் பாதி அந்தச் சுருளுக்குள்ளேயே தேங்கிவிடும். எனவே குடையில் நான்கில் ஒரு பங்கை ஆப்பு வடிவில் வெட்டி, சுருண்ட விளிம்பை நறுக்கிவிட்டு, செவுள்கள் தட்டையாகப் படியும்படி வைக்க வேண்டும். காகிதத்தில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. குடை காய்ந்திருப்பதால் மேலே இரண்டு சொட்டுத் தண்ணீர். அதன்மேல் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்தாயிற்று. பத்து, பன்னிரண்டு மணி நேரம் அசைக்காமல் இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள்

கிண்ணத்தைத் தூக்கியதும் வெள்ளைப் பாதியில் மஞ்சள் கலந்த பழுப்புக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. கறுப்புப் பாதியிலும் பதிவு மங்கலாகத் தெரிகிறது, ஆனால் நிறத்தைத் தீர்மானிக்க வெள்ளைப் பாதியே உதவுகிறது. கறுப்புப் பாதி எதற்கு என்று கேட்கலாம். பதிவு வெள்ளையாக இருந்தால் அது வெள்ளைக் காகிதத்தில் கண்ணுக்கே தெரியாது, எதுவும் விழவில்லை என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுவோம்.

பழுப்புப் பதிவு என்றதும் ஐயங்களில் பாதி கழிந்தது. வெள்ளைப் பதிவு தரும் இனங்கள் எல்லாம் பட்டியலிலிருந்து வெளியே போயின.

அடுத்து பெருவிரல் சோதனை. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். நெடுக்காக வெட்டிய குடைத் துண்டில், செவுள்கள் குடையின் சதையோடு சேரும் கோட்டில் பெருவிரல் நகத்தை வைத்து மெல்லத் தள்ள வேண்டும். சாதாரணச் செவுள் காளான் என்றால் செவுள்கள் கிழிந்து துண்டு துண்டாக வரும். இதில் செவுள் அடுக்கு மொத்தமும் பழத்தோல் உரிவது போல வழுக்கிக்கொண்டு வந்தது. செவுள் இருந்தாலும் இந்தக் காளான் துளைக்காளான்களின் உறவு, பொலிட்டேலிஸ் வரிசையைச் சேர்ந்தது. துளைக்காளான்களில் குழாய் அடுக்கு குடையிலிருந்து தனியாகக் கழன்று வரும், அதே அமைப்பு இங்கே செவுள்களில் தெரிகிறது. முதிர்ந்து காய்ந்த காளானில் இந்தச் சோதனை ஏமாற்றும். சதையும் செவுளும் சேர்ந்து நார் போல ஆகிவிடும். நடுத்தர வயதுக் காளானில் செய்து பார்ப்பதே சரி.

சதை வெளிர் மஞ்சள் கலந்த வெண்மை. வெட்டி அரை மணி நேரம் வைத்தும் நிறம் மாறவில்லை. இந்த மாறாமையை நேரத்தோடு சேர்த்து எழுதி வைத்தோம். நான்காம் நாள் அது தேவைப்படும் என்று அப்போது தெரியாது.

மதியம் சரிவில் இறங்கும்போது அடுத்த காளான் கிடைத்தது. எண் 2. இதைப் பார்த்துக் கொஞ்சம் குழப்பம். அதே குடை, அதே கறுத்த காம்பு, ஆனால் பக்கத்தில் அடிக்கட்டை எதுவும் இல்லை. பைன் ஊசிப் படுக்கையிலிருந்து நேராக முளைத்தது போல இருந்தது. மண்ணில் வளரும் இனமா, மரத்தில் வளரும் இனமா என்ற கேள்விக்கு இங்கே தவறாகப் பதில் சொன்னால் அதன் பிறகு எடுக்கும் ஒவ்வொரு முடிவும் தவறாகும்.

ஊசிகளைக் கையால் ஒதுக்கி, காம்பைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மண்ணை எடுத்தோம். நான்கு விரல் ஆழத்தில் கத்தி மெத்தென்று இறங்கியது. கீழே இருந்தது மண் இல்லை, புதைந்த வேர். மேல்பட்டை போய், உள்ளே பழுப்பாக, கனசதுரத் துண்டுகளாக வெடித்திருந்தது. விரலுக்கிடையில் தேய்த்தால் மாவாக உதிர்கிறது. காம்பின் அடி அந்த வேரைக் கவ்விப் பிடித்திருக்கிறது. வேரைத் தொடர்ந்து போனால் இரண்டு மீட்டர் தள்ளி, பாசி முழுதும் மூடிப் புடைப்பு போலத் தெரிந்த பழைய அடிக்கட்டையில் போய் முடிந்தது.

புதைந்த வேரை மண் என்று எழுதிவிடுவதுதான் இந்தக் காளானில் அதிகம் நடக்கும் பிழை. குடையை எத்தனை முறை அளந்தாலும் இந்தப் பிழை தெரியாது. அடியைத் தோண்டினால்தான் தெரியும்.

மூன்றாம் நாள்

நாள் முழுதும் நடை. புதிய காளான் அதிகம் இல்லை.

அடிக்கட்டைகள் எந்த மரத்துடையவை என்பதை மட்டும் இன்று உறுதி செய்தோம். பட்டையும் இலையும் போன கட்டையில் இது எளிதில்லை. சுற்றி நிற்கும் மரங்களை வைத்து ஊகிக்கலாம். ஊசிகள் இரண்டு, மூன்று அல்லது ஐந்தாகக் கொத்துச் சேர்ந்திருந்தால் பைன். தனித்தனியாக, நான்கு பட்டையாக, விரல்களுக்கிடையில் உருட்டினால் உருளும் ஊசி ஸ்புரூஸ். ஸ்புரூஸ் ஊசி உதிர்ந்தால் கிளையில் சிறு முளை நிற்கும். தட்டையான ஊசி, உதிர்ந்த இடத்தில் வட்டமான தழும்பு, அது ஃபிர். ஆனால் நிற்கும் மரம் ஒன்றாகவும், முன்பு வெட்டிய மரம் வேறாகவும் இருக்கலாம். கட்டையிலேயே பார்ப்பதென்றால், கிளை முடிச்சுகள் ஒரே மட்டத்தில் வளையமாக இருக்கின்றனவா என்று பார்க்கலாம். அழுகாத பகுதியைச் சீவி மோந்தால் பிசின் வாசனை வருகிறதா என்றும் பார்க்கலாம். இன்று பார்த்த ஐந்து கட்டைகளில் நான்கில் பிசின் வாசனை இருந்தது.

அந்தக் கனசதுர வெடிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது பழுப்பு அழுகல். பூசணம் மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸைத் தின்றுவிட்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் பழுப்புப் பொருளான லிக்னினை விட்டுவிடுகிறது. நார்ப் பிடிப்பு போன மரம் சுருங்கும்போது குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, பழுப்பு நிறமாக நிற்கிறது. காளான் பக்கத்தில் இந்த வெடிப்பைக் கண்டால், அது இங்கே உயிருள்ள வேரோடு உறவு கொள்ளவில்லை, செத்த மரத்தைத் தின்று வாழ்கிறது என்று பொருள்.

இன்னொன்று. கிடைத்த ஏழு காளான்களில் ஒன்றில்கூடப் புழு இல்லை. அதே காட்டில் அகப்பட்ட இரண்டு துளைக்காளான்களை வெட்டினால் உள்ளே சல்லடை. இதற்குக் காரணம் வேதியியலில் இருக்கிறது. இந்தக் காளானில் லூகோமென்டின் என்ற நிறமற்ற சேர்மங்கள் இருக்கின்றன. காளான் கடிபட்டோ காயம்பட்டோ உடைந்தால் அவை உடனே மாற்றமடைந்து, பூச்சிகளை உண்ணவிடாமல் தடுக்கும் ஆஸ்முண்டாலாக்டோனை வெளிவிடுகின்றன. அதோடு அட்ரோமென்டின் என்ற நிறமியும் உண்டாகிறது. காயம்பட்ட பிறகுதான் ஆயுதம் தயாராகிறது என்பது எத்தனை முறை படித்தாலும் வியப்பாகவே இருக்கிறது.

நான்காம் நாள்

விடியற்காலையில் மழை பெய்தது. ஈரப்பள்ளம் ஒன்றில் இன்று போலிகளை, அதாவது இதைப் போலவே தோன்றும் வேறு காளான்களை, பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

முதலாவது, அஞ்ச வேண்டியது: பாக்ஸிலஸ் இன்வொலூட்டஸ். சுருண்ட விளிம்பு, பழுப்புக் குடை, இறங்கும் செவுள், பழுப்பு வித்துப் பதிவு, உரியும் செவுள் அடுக்கு என எல்லாம் இதிலும் உண்டு. படத்தில் மேலிருந்து பார்த்தால் இரண்டையும் பிரிப்பது கடினம். ஆனால் இதன் காம்பு வழுவழுப்பு, மயிர் கிடையாது, பெரும்பாலும் நடுவில் நிற்கும். செவுளை நகத்தால் கீறினால் அந்த இடம் ஒரு நிமிடத்தில் செம்பழுப்பாகக் கறைபடுகிறது. எண் 1-ஐ அப்படிக் கீறியபோது அந்தக் கறை வரவில்லை. அடியைத் தோண்டினால் இங்கே அழுகிய கட்டை இல்லை, மண்தான். உயிருள்ள மரங்களின் வேர்களோடு கூட்டு வாழ்க்கை நடத்தும் இனம் இது.

இந்த இனத்தை ஒரு காலத்தில் வேகவைத்துச் சாப்பிட்டவர்கள் பலர். ஒரு முறை, இரு முறை எதுவும் ஆகாமல் போவதுதான் இதன் கொடுமை. உடல் அந்தக் காளானின் ஒரு பொருளுக்கு எதிர்ப்பு உருவாக்கிக்கொள்கிறது. பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது அந்த எதிர்ப்பே சொந்தச் சிவப்பணுக்களை உடைக்கத் தொடங்குகிறது, சிறுநீரகம் செயலிழக்கிறது. காளான் அறிஞர் யூலியஸ் ஷேஃபர் 1944-இல் இதைச் சாப்பிட்டுத்தான் இறந்தார். காளான்களை நன்கு அறிந்தவர் அவர். "பல முறை சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொன்னால், இந்தக் காளானைப் பொறுத்தவரை அது பாதுகாப்புக்கான சான்றே இல்லை.

மற்றப் போலிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். டாபினெல்லா பானுவாய்டிஸ் இதே குடும்பம், இதே போல ஊசியிலை மரக்கட்டையில் வளர்வது. ஆனால் அதற்குக் காம்பே இல்லை, விசிறி போல மரத்தில் ஒட்டி நிற்கும். நியோலென்டினஸ் லெபிடியஸும் ஊசியிலைக் கட்டையில் வரும், தடித்தது. அதன் குடையில் செதில்கள், செவுள் விளிம்பில் ரம்பப் பல், வெள்ளை வித்துப் பதிவு. ஹைக்ரோஃபொராப்சிஸ் ஔரான்டியாக்கா முழுக்க ஆரஞ்சு, செவுள்கள் மறுபடி மறுபடி கிளைக்கும், பதிவு வெளிர் நிறம், காம்பு மெலிந்தது. ஃபேயோலஸ் ஷ்வைனிட்ஸி பழுப்பு வெல்வெட் குடையோடு ஊசியிலை வேர்களிலிருந்து வருவதால் தொலைவில் ஏமாற்றும். திருப்பிப் பார்த்தால் செவுள் இல்லை, துளைகள். ஒரு நொடியில் தீர்ந்துவிடும்.

சிறு குட்டிகளில்தான் சிக்கல். இன்று கண்ட ஒரு குட்டியின் குடை 2 செ.மீ. கூட இல்லை. காம்பு மயிர் இன்னும் கறுக்காமல் துருநிறமாக இருந்தது. அதை மட்டும் தனியாகக் கண்டிருந்தால் பெயர் சொல்லத் துணியக் கூடாது. பக்கத்திலேயே ஒரே கட்டையில் நடுவயதுக் காளான் இரண்டு இருந்ததால் சேர்த்து எழுத முடிந்தது. ஒரு கூட்டத்தில் எல்லா வயதையும் எடுத்தால்தான் பார்வை முழுமையாகும்.

நாக்கில் வைத்துச் சுவை பார்க்கலாமா என்ற கேள்வி எழும். தேவையில்லை. ருசுலா போன்ற சில பேரினங்களில் சுவை ஒரு அடையாளம், அங்கும் அனுபவமுள்ளவர்கள் துணுக்கு வைத்துத் துப்பிவிடுவார்கள். இங்கே அடையாளங்கள் கண்ணிலும் கையிலுமே போதுமான அளவு இருக்கின்றன. கசப்பும் ரப்பர் போன்ற சதையும் உள்ள காளான் இது. சாப்பிட்டவர்களுக்கு நஞ்சேறிய பதிவுகளும் உண்டு. உணவுக்கு ஆகாது.

ஐந்தாம் நாள்

தங்குமிடத்து மேசையில் மைக்ரோஸ்கோப். வித்துப் பதிவிலிருந்து பிளேடு முனையால் ஒரு துளி சுரண்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் கலந்து, மூடுகண்ணாடி வைத்தாயிற்று. செவுளிலிருந்து நேரடியாக எடுக்கக் கூடாது. அங்கே முதிராத வித்துகளும் இருப்பதால் அளவு சிறியதாக வரும். பதிவில் விழுந்தவை தாமாக முதிர்ந்து உதிர்ந்தவை.

400 மடங்கில் கண்டுபிடித்து, எண்ணெய் விட்டு 1000 மடங்கில் அளந்தோம். கண்வில்லைக்குள் இருக்கும் கண்ணாடி அளவுகோலின் ஒரு பிரிவு எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பதை மேசை மைக்ரோமீட்டரால், அதாவது துல்லியமாகக் கோடிட்ட தகட்டால், ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாகச் சரிபார்த்தாக வேண்டும். இதை விட்டுவிட்டு எடுத்த அளவுகள் வீண். பக்கவாட்டில் படுத்திருக்கும் வித்துகளை மட்டும், முனையில் உள்ள சிறு காம்புத் துண்டைச் சேர்க்காமல், இருபதை அளந்தோம். நீளம் 5 முதல் 6 மைக்ரான், அகலம் 3 முதல் 4. வழுவழுப்பு, நீள்வட்டம், வெளிர் மஞ்சள். பாக்ஸிலஸ் இன்வொலூட்டஸின் வித்துகள் 7 மைக்ரானைத் தாண்டிப் பெரியவை. நேற்றைய அச்சத்துக்கு இது கடைசிப் பூட்டு.

வித்துகள் நிறம் மாறுகின்றனவா என்று பார்க்க மெல்சர் கரைசலிலும் ஒரு தகடு. இது அயோடின், பொட்டாசியம் அயோடைடு, குளோரல் ஹைட்ரேட் கலந்த கரைசல். நச்சு உள்ளது, கையுறை அவசியம். கரைசலே மஞ்சளாக இருப்பதால் வித்துகள் எல்லாமே நிறம் மாறியது போலத் தோன்றும். பக்கத்தில் தண்ணீர்த் தகட்டை வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்படிப் பார்த்ததில் சில வித்துகள் மட்டும் செம்பழுப்பாகின, மற்றவை மஞ்சளாகவே நின்றன. இந்த இனத்தில் எதிர்பார்ப்பது இதுதான்.

இப்போது பெயரை எழுதலாம்: டாபினெல்லா அட்ரோடொமென்டோசா. அட்ரோ என்றால் கறுப்பு, டொமென்டோசா என்றால் மென்மயிர் அடர்ந்தது. பெயரிலேயே காம்பு இருக்கிறது. இதை முதலில் விவரித்துப் பெயரிட்டவர் பாட்ஷ், 1783-இல். நெடுங்காலம் பாக்ஸிலஸ் பேரினத்தில் கிடந்ததை ஷுடாரா 1992-இல் டாபினெல்லாவுக்கு மாற்றினார். பழைய கையேடு வைத்திருப்பவர்கள் பாக்ஸிலஸ் அட்ரோடொமென்டோசஸ் என்ற தலைப்பில் தேட வேண்டும். அட்ரோமென்டின் என்ற நிறமிக்கும் பெயர் வந்தது இந்தக் காளானிலிருந்தே.

சமையலுக்கு ஆகாத இந்தக் காளானை விரும்பித் தேடுபவர்கள் சாயக்காரர்கள். கம்பளி நூலில் சாம்பல், பச்சை கலந்த சாம்பல், ஊதாச் சாயல்கள் தருகிறது. சாயம் நூலில் பிடிக்கச் சேர்ப்பது படிகாரமா இரும்பா என்பதைப் பொறுத்தும், தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்தும் நிறம் மாறும். அதற்கான பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது.

மாதிரிகளை உலர்த்தும் வேலை மட்டும் மிச்சம். பாதியாகப் பிளந்த துண்டுகளை 40 முதல் 45 டிகிரி வெப்பத்தில், காற்றோட்டத்தோடு, வளைத்தால் பட்டென்று ஒடியும்வரை உலர்த்த வேண்டும். வெப்பம் கூடினால் வெளியே மொறுமொறுப்பாகி உள்ளே ஈரம் தங்கும், பின்னால் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்ததும் வித்துப் பதிவோடு காகித உறையில் போட்டு, உறையைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். உறையின்மேல் எண், தேதி, இடம், உயரம், மர இனம். கடைசி வரியில், எண் 2-க்கு: "தரையில் வளர்ந்தது போலத் தோன்றியது, நான்கு விரல் ஆழத்தில் புதைந்த ஊசியிலை வேர், பழுப்பு அழுகல்."

குடைத் துண்டுகள் காய்ந்துவிட்டன. காம்போடு ஒட்டி வந்த கட்டைத் துண்டுக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. அதுவும் ஒடியும் பதத்துக்கு வந்த பிறகே உறை ஒட்டப்படும்.